வெட்டு எங்கே விழுகிறது: ‘குறைத்தல்’ என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்லை எடுப்பது?

போன மே மாதம், சீசன் தொடங்குகிற நேரம், நிலாவெளியில் படகு ஓட்டும் தம்பி ஒருவர் கொப்பித் தாள் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவர்.

“ரீச்சர், கரையில போர்ட் ஒண்டு அடிச்சு வைக்கப் போறன். கடல் குழம்பினா பாதியிலயே திரும்பிருவம் எண்டு இங்கிலீசில போடோணும். போன் அஞ்சாறு சொல்லுத் தருது. எது சரி?”

தாளில் வரிசையாக எழுதியிருந்தார்: ஷோர்ட்டன், கட் ஷோர்ட், கர்டெயில், அபோர்ட், ட்ரங்கேட், அப்ரிஜ். அகராதியைப் பார்த்தால் இவற்றில் பாதிக்கு மேல் ‘குறை’, ‘சுருக்கு’ என்ற இரண்டு சொற்களிலேயே அடங்கிவிடும். அங்கேதான் எங்கள் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள், கடிதம் எழுதுகிற பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். திருகோணமலை நகரத்தில் இத்தனை வருடம் ஆங்கிலம் படிப்பித்து, அக்கம்பக்கத்தாருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்ததில் எனக்குப் பழகிப்போன வழி ஒன்று உண்டு. பொருளைக் கேட்பதற்கு முதல் இரண்டு கேள்வி கேட்பேன். வெட்டு எங்கே விழுகிறது? வெட்டிய பிறகு கையில் இருப்பது முழுப்பொருளின் சிறு உருவமா, அல்லது அறுந்த துண்டா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் சொல் தானாக வந்து நிற்கும்.

தம்பியின் பலகையை எடுத்துக்கொள்வோம். ‘ஷோர்ட்டன்’ என்றால் முன்கூட்டியே தீர்மானித்து நீளத்தைக் குறைப்பது. தையற்காரரிடம் காற்சட்டையைக் கொடுத்து இரண்டு அங்குலம் குறைக்கச் சொல்வது அது. மூன்று மணி நேரப் பயணத்தை இரண்டு மணி நேரமாக்கி விற்றாலும் அதுவே. பலகையில் இதைப் போட்டால், ‘பயணமே சின்னதாகிவிட்டது, அப்படியானால் காசையும் குறை’ என்று ஆட்கள் கேட்பார்கள். கேட்பதில் பிழையும் இல்லை.

‘அபோர்ட்’ இன்னும் மோசம். விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கிய பிறகு மேலெழாமல் நிறுத்துவதற்கும், ரொக்கெட் ஏவுதலைக் கைவிடுவதற்கும் உரிய சொல். வேலை பலிக்காமல் போனது, ஆபத்து நெருங்கிவிட்டது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. கருக்கலைப்பு என்ற பொருளும் கூடவே வரும். பிள்ளைகளோடு வந்து கடற்கரையில் நிற்கும் ஒரு குடும்பம் படகில் ஏறுமுன் வாசிக்கிற சொல் அது அல்ல.

‘கட் ஷோர்ட்’ என்பதில் நான்கு விஷயம் ஒன்றாக இருக்கிறது: காரியம் தொடங்கிவிட்டது, நடந்துகொண்டிருக்கிறது, வெளியிலிருந்து ஏதோ குறுக்கே வந்தது, முடியவேண்டிய நேரத்துக்கு முன்பே முடிந்தது. புறாத்தீவு கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர்தான். ஆனால் காற்று மாறினால் அந்தத் தூரம் போதும். அங்கே பவளப்பாறையைப் பார்த்துக்கொண்டு நீந்துகிறவர்களைப் படகுக்கு ஏற்றித் திரும்புவது சரியாக ‘கட் ஷோர்ட்’தான். போகவே இல்லையென்றால் ‘கென்சல்’. அந்தச் சொல் தம்பியின் தாளில் இல்லை. அதை நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஏனென்றால் காசு விஷயம் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் இருக்கிறது. கென்சல் ஆனால் முழுக் காசும் திரும்பும். கட் ஷோர்ட் ஆனால் என்ன என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

“பாதியில திருப்பினா டீசல் காசு போனது போனதுதான் ரீச்சர். முழுசாக் குடுக்க ஏலாது.”

“அப்ப எவ்வளவு குடுப்பீங்கள் எண்டதை அதுக்குக் கீழயே எழுதுங்கோ தம்பி. சொல்லு மட்டும் போட்டா சண்டை வரும்.”

இன்னொரு காரணமும் உண்டு. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிறவர்களில் ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர் என்று பலர். அவர்களுக்கும் ஆங்கிலம் பிறத்திப் பாஷைதான், எங்களைப் போல. ‘கர்டெயில்’ என்று எழுதினால் அதிகாரமாகத் தெரியும், ஆனால் பாதிப்பேருக்கு விளங்காது. ‘கட்’, ‘ஷோர்ட்’ இரண்டும் ஆங்கிலம் தொட்ட எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்.

அதை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பயணத்தை’ என்ற சொல்லைக் ‘கட்’டுக்கும் ‘ஷோர்ட்’டுக்கும் நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். ‘இட்’, ‘ஹிம்’ போன்ற சிறு சொற்கள் மட்டும் நடுவில்தான் வரும். ஆளை வைத்து அப்படிச் சொன்னால், அவர் பேசிக்கொண்டிருக்கும்போது இடைமறித்தோம் என்று பொருள். இளம் வயதில் போனவர்களைப் பற்றி எழுதும்போது உயிரோடும் இந்தச் சொல் சேரும். அது கனமான இடம், அங்கே வேறு எந்தச் சொல்லும் பொருந்தாது. அப்புறம், இந்த இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டு ‘ஷோர்ட் கட்’ ஆக்கிவிடாதீர்கள். அது குறுக்குவழி. என் வகுப்பில் ஒரு பிள்ளை, ‘மழை எங்கள் சுற்றுலாவைக் குறுக்குவழி ஆக்கியது’ என்று எழுதியிருந்தது. எங்கள் பேச்சில் ‘ஷோர்ட்கட்’ அன்றாடச் சொல்லாகிவிட்டதால் கை அந்தப் பக்கமே போகிறது.

‘ட்ரங்கேட்’டைத் தம்பியின் தாளிலிருந்து அடித்துவிட்டேன். ஆனால் எங்கள் ஆட்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய சொல் அது, ஏனென்றால் அந்த வெட்டு அடிக்கடி எங்கள் பெயர்களில்தான் விழுகிறது. இலத்தீனில் அதன் வேர் அடிமரத்தைக் குறிக்கும். ‘ட்ரங்க்’ என்று மரத்தின் அடிக்குச் சொல்கிறோமே, அதே குடும்பம். மேலே எது இருந்தது, பூவா காயா என்று பார்க்காமல் ஓரிடத்தில் தறித்துவிடுவது. அளவு மட்டும்தான் கணக்கு, பொருள் கணக்கில்லை.

திருஞானசம்பந்தமூர்த்தி என்று ஒருவருக்குப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் 26 எழுத்து வரும். படிவத்தில் 20 கட்டம்தான் இருக்கிறது. கட்டம் முடிந்த இடத்தில் கணினி நிறுத்திவிடும். மிஞ்சுவதை வாசித்தால் ‘திருஞானசம்பந்தம்’. அறுந்தது போலத் தெரியவே தெரியாது, முழுப்பெயராகவே இருக்கும். ஆனால் அது வேறொருவருடைய பெயர். பிறகு அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமிப்புப் புத்தகத்தில் ஒரு பெயர் என்று அந்த மனிதர் சமாதான நீதவானிடம் அலைவார். என் அம்மாவின் பெயருக்கும் இது நடந்தது, இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் மூன்று மாதம் போயிற்று. நான் அப்போது எழுதிய கடிதத்தில் பெயர் ‘அப்ரீவியேட்’ செய்யப்பட்டது என்று எழுதிவிட்டேன். அதை வாசித்த உத்தியோகத்தர், அம்மா தானே பெயரைச் சுருக்கி எழுதினார் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்தைக் கேட்டார். ‘ட்ரங்கேட்’ என்று எழுதியிருந்தால், இயந்திரம் வெட்டியது, ஆள் வெட்டவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். அதனால் இதில் நான் உறுதியாகச் சொல்வேன்: இடம் போதாமல் தறிபட்டால் ‘ட்ரங்கேட்’, ஆள் நினைத்துச் சுருக்கினால் ‘அப்ரீவியேட்’.

கணக்கிலும் அதே தறிப்புத்தான். 2.79 என்பதைத் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கத்தோடு தறித்தால் 2.7, மட்டந்தட்டினால் 2.8. எக்செல்லில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை இருப்பது அதனால்தான். தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையை ‘ட்ரங்கேட்’ செய்தால் மட்டும் கதை வேறு. உள்ளே இருந்த வரிகள் எல்லாமே போய்விடும், வெறும் சட்டம்தான் நிற்கும். கணினி படிக்கிற பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள்.

‘அப்ரீவியேட்’ பற்றிச் சொல்ல இந்த ஊரை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. திருகோணமலைக்கு இரண்டு சுருக்கம். நாங்கள் சொல்வது திருமலை. பஸ் நடத்துநரும், தெற்கிலிருந்து வருகிறவர்களும், வெள்ளைக்காரரும் சொல்வது ட்ரிங்கோ. இரண்டும் சுருக்கம்தான், ஆனால் வெட்டு விழுந்த இடம் வேறு. திருமலையில் தலையும் இருக்கிறது, காலும் இருக்கிறது, நடுவிலிருந்த ‘கோண’ போய்விட்டது. ட்ரிங்கோவில் ஆங்கிலப் பெயரின் வால் அறுந்து முன்பாதி மட்டும் நிற்கிறது. நம் இலக்கணத்தில் இதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள். தாமரை ‘மரை’ ஆனால் முதற்குறை. ஓந்தி ‘ஓதி’ ஆனால் இடைக்குறை. நீலம் ‘நீல்’ ஆனால் கடைக்குறை. அந்தக் கண்ணால் பார்த்தால் திருமலை இடைக்குறை மாதிரி, ட்ரிங்கோ கடைக்குறை மாதிரி. ஆங்கிலத்தில் ‘டெலிபோன்’ போன் ஆனதும், ‘ஒம்னிபஸ்’ பஸ் ஆனதும் முதற்குறை. ‘இன்ஃப்ளுவென்ஸா’ ஃப்ளூ ஆனபோது இரண்டு பக்கமும் வெட்டு விழுந்தது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் இன்னொரு சந்தேகமும் தீரும். சுருக்கத்துக்குப் பின்னால் புள்ளி வைப்பதா, விடுவதா? பிரித்தானிய வழக்கில், முதலெழுத்தும் கடைசி எழுத்தும் நின்று நடு மட்டும் போனால் புள்ளி வேண்டாம். டொக்டர் என்பதை இரண்டு எழுத்தில் எழுதும்போது அப்படி. வால் அறுந்தால் புள்ளி வேண்டும். புரொபெசர் என்பதை நான்கு எழுத்தோடு நிறுத்தும்போது அப்படி. அமெரிக்க வழக்கில் இரண்டுக்கும் புள்ளி உண்டு. இலங்கையில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது பெரும்பாலும் பிரித்தானிய வழக்கு என்பதால் நான் முதலாவதையே சொல்லிக் கொடுக்கிறேன். ‘திருமலைக்குப் புள்ளி இல்லை, ட்ரிங்கோவுக்குப் புள்ளி’ என்று சொன்னால் ஒருமுறையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ட்ரிங்கோவுக்கு யாரும் புள்ளி வைப்பதில்லைத்தான், அது தனிப்பெயராகவே நிலைத்துவிட்டது. விதியை நினைவில் வைக்க அது உதவுகிறது.

இனி ‘கர்டெயில்’. மூதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். மூன்று தடவை வந்த பஸ் இப்போது ஒரு தடவைதான் வருகிறது. அதுவும் ஊருக்குள் வராமல் சந்தியோடு திரும்பிவிடுகிறது. ரியூஷன் முடிந்து வருகிற பொம்பிளைப் பிள்ளைகள் பொழுதுபட்ட பிறகு சந்தியிலிருந்து நடக்கிறார்கள். தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டும். அவர்கள் எழுதி வந்த வரைவில் ‘ஸ்டொப்’ என்று இருந்தது. சேவை நின்றுவிட்டது என்று எழுதினால், ‘இல்லையே, ஒரு பஸ் ஓடுகிறதே’ என்று ஒற்றை வரியில் பதில் வரும். ‘ரிடியூஸ்’ என்றால் எண்ணிக்கை குறைந்தது மட்டும் தெரியும், சந்தியோடு திரும்புவது தெரியாது. ‘கர்டெயில்’ இரண்டையும் தாங்கும். எண்ணிக்கையும் குறைந்தது, தூரமும் குறைந்தது, ஆனால் அடியோடு இல்லாமல் போகவில்லை. அதைவிட முக்கியம், எங்களுக்கு உரித்தாக இருந்ததை, அதிகாரம் உள்ள ஒருவர் குறைத்தார் என்ற முறைப்பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உரிமை, சுதந்திரம், செலவு, அதிகாரம் இவற்றோடு அது சேர்ந்து வருவது அதனால்தான். எங்கள் பத்திரிகைகள் ‘மட்டுப்படுத்தல்’ என்று எழுதுவது ஏறக்குறைய இதுதான்.

ஆனாலும் அந்தச் சொல்லை மட்டும் நம்பிக் கடிதத்தை விடவில்லை. தலைப்பில் ‘கர்டெயில்’. உள்ளே 3 பஸ் இருந்தது, 1 பஸ் ஆனது, சந்தியிலிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம் என்று இலக்கத்தில். இந்தியாவில் ரயில் பாதி வழியில் நின்றுவிட்டால் ரயில்வே அறிவிப்பில் ‘ஷோர்ட் டெர்மினேட்’ என்று போடுவார்கள். சந்தியோடு திரும்பும் பஸ்ஸுக்கு அதுவும் பொருந்தும், ஆனால் இங்கே அது பழக்கத்தில் இல்லாததால் எடுக்கவில்லை.

இந்தச் சொல்லின் பிறப்பும் பார்க்க நல்லது. வால் நறுக்கிய குதிரைக்கு ஆங்கிலத்தில் முன்பு ‘கர்டல்’ என்று பெயர். பிரெஞ்சில் ‘குட்டை’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வால் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் பிறப்பில் உறவில்லை. ஆனால் வால் நறுக்கிய குதிரை ஆயிற்றே, காதில் ‘டெயில்’ என்று விழுந்து எழுத்தும் அப்படியே மாறிவிட்டது. வாலை நறுக்கினாலும் குதிரை குதிரையாகவே நிற்கும். பஸ்ஸும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மின்சாரத்தில் இதே சொல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோமே, அது ‘பவர் கட்’, பாவிக்கிறவருக்கு வருவது நின்றது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை விழுந்தபோது, கூரைகளில் சூரியத் தகடு பூட்டியவர்களை அதைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. அது ‘கர்டெயில்மென்ட்’, உற்பத்தி பண்ணுகிறவருக்கு விழுந்த கட்டுப்பாடு. இரண்டையும் ‘மின்வெட்டு’ என்று மொழிபெயர்த்தால் செய்தி தலைகீழாகிவிடும்.

வெட்டோடு சேர்ந்த ‘டொக்’ என்ற சொல்லையும் இந்த ஊரில் சொல்லாமல் போக முடியாது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த டொக்யார்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்வதற்கும் ஆங்கிலத்தில் ‘டொக்’ என்பார்கள். எழுத்து ஒன்று, சொல் இரண்டு. கப்பல் கட்டுமிடம் நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த சொல், பிடித்தம் விலங்கின் வாலைக் குறித்த பழைய சொல். சம்பளம், புள்ளி, மிருகத்தின் வால், இந்த மூன்றோடு மட்டும் பாவியுங்கள்.

கடைசியாக வந்தது ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டுமலர். தமிழில் 80 பக்கம். கனடாவிலும் லண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் வாசிக்க ஆங்கிலத்தில் 30 பக்கத்துக்குள் வேண்டும் என்றார்கள். அட்டையில் என்ன போடுவது? அப்ரிஜ், கொண்டென்ஸ், சமரைஸ். இந்த மூன்றிலும்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது, ஏனென்றால் நான் எடுக்கிற சொல்லே நான் செய்யப்போகிற வேலையையும் தீர்மானிக்கும்.

‘சமரைஸ்’ பண்ணினால் எழுதியவரின் குரல் போய்விடும். ‘கிணறு வெட்டினார்கள், வாசிகசாலை கட்டினார்கள்’ என்று நான் என் வாயால் சொல்வேன். இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும், ஆனால் பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் பேச்சுக் கேட்காது.

‘கொண்டென்ஸ்’ என்பது ரின்பால். 1856இல் அமெரிக்காவில் கெயில் போர்டன் காப்புரிமை எடுத்தது அதன் அடிப்படை முறைக்குத்தான்: பாலிலிருந்து நீரை வற்றவைப்பது. பால் எல்லாம் இருக்கிறது, நீர்தான் போய்விட்டது. எழுத்திலும் அப்படி, ஒவ்வொரு செய்தியும் நிற்கும், வசனங்கள் இறுகும். 80 பக்கத்தை 30 ஆக்க அது சரிவருமா என்று ஒரு அத்தியாயத்தில் செய்து பார்த்தேன். 1950களின் ஒரு வெள்ளத்தைப் பற்றி ஒரு பெரியவர் எழுதியிருந்தது. வள்ளத்தில் அரிசி மூட்டை கொண்டுவந்தது, மூட்டையின் அடி நனைந்துவிட்டது, நனைந்த அரிசியை அன்றைக்கே கஞ்சியாக்கி எல்லா வீட்டுக்கும் கொடுத்தது. இறுக்கி எழுதியபோது செய்தி எல்லாம் இருந்தது, கஞ்சியின் சூடு இல்லை. அவர் ஆறுதலாகச் சொல்கிறவர். அந்த ஆறுதல்தான் நான் வற்றவைத்த நீர்.

அதனால் ‘அப்ரிஜ்’. சில பகுதிகளை முழுதாக விட்டுவிட்டு, எடுப்பதை எழுதியவரின் நடையிலேயே கொடுப்பது. இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் பாலம் என்ற ‘பிரிட்ஜ்’ நினைவுக்கு வரும். ‘கிண்ணியாப் பாலம் வந்து வழி குறைஞ்ச மாதிரியா ரீச்சர்?’ என்று ஒரு பிள்ளை கேட்டது. அழகான கேள்வி, ஆனால் உறவில்லை. ‘குறுகிய’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அப்ரிஜ், அதே வேரிலிருந்து நேரே வந்தது அப்ரீவியேட். ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று நூலுக்குப் போயிற்று, மற்றது சொல்லுக்குப் போயிற்று. நூலைத் தவிர அப்ரிஜ் வருகிற ஒரே பெரிய இடம் சட்டம். பேச்சுச் சுதந்திரத்தைக் குறைக்கக் கூடாது என்று 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தத்தில் எழுதியது இந்தச் சொல்லால்தான். இன்றைக்குப் பத்திரிகைகாரர் அந்த இடத்தில் கர்டெயில் என்றுதான் எழுதுவார்கள். நீங்களும் அப்படியே எழுதலாம்.

அட்டையில் ‘அப்ரிஜ்’ செய்த மொழிபெயர்ப்பு என்று போட்டோம். எதை விட்டோம் என்பதை முன்பக்கத்திலேயே சொன்னோம்: ஆண்டறிக்கைகள், வாழ்த்துச் செய்திகள், வரவு செலவு. வெள்ளத்துக் கஞ்சி அப்படியே இருக்கிறது. நன்கொடை தந்தவர்களின் பெயர்ப்பட்டியல் 6 பக்கம். அதில் நான் கை வைக்கப் போனபோது செயலாளர் தாளை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“இதில ஒரு பேரும் குறையக் கூடாது ரீச்சர். இனிஷலும் குறையக் கூடாது.”

முழுப்பெயர்களோடு 6 பக்கமும் போயிற்று. மலர் 33 பக்கத்தில் வந்தது.